நகலை வெட்டும் மருந்து யாருக்குப் பயன்படும்?

"மரபணுவையே சரிசெய்யும் ஊசி வந்துவிட்டதாமே டாக்டர், அப்பாவுக்குப் போடலாமா?" திருவான்மியூரில் உள்ள எங்கள் புறநோயாளர் பிரிவில், மோட்டார் நியூரான் நோயாளிகளின் குடும்பத்தினர் கேட்கும் கேள்வி இது. மருந்து வந்திருப்பது உண்மை. ஆனால் அது மரபணுவைத் திருத்துவதில்லை. எல்லோருக்கும் பயன்படுவதும் இல்லை.

உயிரணுவின் உட்கருவில் மரபணுக்கள் டி.என்.ஏ. வடிவில் உள்ளன. ஒரு புரதம் தேவைப்படும்போது உரிய மரபணுவிலிருந்து நகல் எடுக்கப்படுகிறது. அதுவே தூது ஆர்.என்.ஏ. அதிலுள்ள குறிப்பின்படியே புரதம் உருவாகிறது. எஸ்.ஓ.டி.1 என்னும் மரபணுவில் பிழை இருந்தால் அது நகலிலும் இடம்பெறும். அதனால் உருவாகும் புரதம் முறையாக மடியாமல் திரண்டு, தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைக்கிறது.

ஆன்டிசென்ஸ் மருந்து என்பது அந்த நகலின் ஒரு பகுதிக்கு இணையாகப் பொருந்துமாறு ஆய்வகத்தில் அமைக்கப்பட்ட சிறிய டி.என்.ஏ. இழை. ஜிப்பின் இரு பக்கப் பற்கள் கோத்துக்கொள்வதுபோல அது நகலோடு இணைகிறது. இவ்வாறு டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த இரட்டை இழையை, நம் உயிரணுவில் இயல்பாகவே உள்ள 'ஆர்.என்.ஏஸ் எச்' என்னும் நொதி அடையாளம் கண்டு, ஆர்.என்.ஏ. இழையை மட்டும் வெட்டுகிறது. நகல் அழிவதால் புரதம் குறைகிறது. மருந்து இழையோ விடுபட்டு அடுத்த நகலோடு இணைகிறது. மரபணு மாறாததால் புதிய நகல்கள் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே மருந்தைத் தொடர்ந்து செலுத்த வேண்டும்.

இவ்வகையைச் சேர்ந்த டோஃபெர்சென் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. முதுகில் ஊசி குத்தி, தண்டுவட நீரில் இதைச் செலுத்துவர். முதல் மூன்று தவணைகள் 14 நாள் இடைவெளியிலும், பின்னர் 28 நாளுக்கு ஒருமுறையும் தரப்படும். 28 வார ஆய்வில் நரம்புச் சிதைவைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் அளவு குறைந்தது. எனினும் உடல் செயல்திறனில் தெளிவான வேறுபாடு அப்போது தென்படவில்லை.

எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்களுக்கு மட்டுமே இம்மருந்து உரியது. நோயாளிகளில் அவர்கள் மிகச் சிலரே. 1970இல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகன்னாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்த 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' இளவயதில் தொடங்கி, முகத்தசைத் தளர்ச்சியும் செவித்திறன் குறைவும் தருவது. இந்த மருந்து அதற்கானதன்று.

எனவே முதலில் செய்ய வேண்டியது மரபணுப் பரிசோதனை. அதன் முடிவு உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பாதிக்கக்கூடும் என்பதால், முன்னதாகவே மரபியல் ஆலோசனை பெறுங்கள். பிழை இல்லையெனத் தெரிந்தாலும் மனம் தளர வேண்டாம். மூச்சுத்துணைக் கருவி, விழுங்குதலுக்கான பயிற்சி, தக்க ஊட்டம், இயன்முறை மருத்துவம் ஆகியவை எல்லா நோயாளிகளுக்கும் உரியவை. அவற்றை இன்றே தொடங்கலாம்.