மாட்டுக்குப் பிணை நிற்பவர் யார்?

அன்று தரம் 10 வகுப்பில் சீறாப்புராணம். உமறுப் புலவரின் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வர அனுமதி கேட்கிறது. நபி (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் போகிறது, சொன்ன சொல் தவறாமல் கன்றையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அதைக் கண்டு வேடனின் மனமும் மாறுகிறது. எத்தனை தடவை படிப்பித்தாலும் அந்த இடத்தில் எனக்குக் குரல் தழுதழுக்கும்.

பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் கையை உயர்த்தினான்.

“டீச்சர், மானுக்கு றஸூலுல்லாஹ் பிணை நிண்டாங்க. உங்கட வீட்டுக்குப் பின்னால கட்டிக் கிடக்கிற மாட்டுக்கு ஆரு டீச்சர் பிணை நிக்கிற?”

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க ஏலவில்லை. அந்த மாட்டை நானும் பார்த்திருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வெறும் வளவில், உழ்ஹிய்யாவுக்கென்று கொண்டுவந்த காளை ஒன்றை வேலிக்கட்டையோடு கட்டியிருந்தார்கள். கயிறு ஒரு முழமும் இராது; படுக்க ஏலாது. நல்ல வெயில். மூக்கணாங்கயிறு இழுபட்டு மூக்கில் புண், அதில் ஈ. பக்கத்தில் கிடந்த வாளி காய்ந்து போயிருந்தது. இதையெல்லாம் குசினி ஜன்னலால் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தியவள் நான். மாட்டின் சொந்தக்காரர் ஊரில் மதிப்பான ஹாஜியார். ‘டீச்சருக்கு என்னத்துக்கு மாட்டுக் கதை’ என்று யாரும் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற யோசனைதான் எனக்கு. அந்தப் பொடியனோ முதல் நாளே தண்ணீர் வைக்கப் போயிருக்கிறான். காவலுக்கு நின்றவர் துரத்திவிட்டிருக்கிறார்.

அன்று அஸருக்குப் பிறகு ஹாஜியாரின் மனைவியைக் காணப் போனேன்.

“ராத்தா, பின்வளவில நிக்கிற மாடு தண்ணி குடிச்சா எண்டு தெரியல்ல. கயிறும் கட்டை. படுக்கவும் ஏலாம நிக்கிது.”

“அல்லாஹ்வே! பொடியன்மார் தண்ணி வெச்சிருப்பாங்க எண்டுதான் புள்ள நாங்க நினைச்ச” என்று தலையில் கை வைத்தார்.

மஃரிபுக்கு முன்பே மாடு மாமரத்து நிழலுக்குப் போய்விட்டது. வாளி வாளியாகக் குடித்தது. அவ்வளவுதான் விசயம். யாரும் என்னோடு கோபிக்கவில்லை. உழ்ஹிய்யாவுக்குக் குறை இல்லாத பிராணியைத் தேடித் தேடி வாங்குகிறோம். வாங்கி வந்த பிறகு கவனியாமல் விட்டு நாமே அதைக் குறையாக்கி விடுகிறோம்.

முறையிட்ட ஒட்டகம்

மிருகங்களுக்கு இரக்கம் காட்டுவது பற்றி நம்மிடையே பயான் குறைவில்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்ததும், தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதும் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். நாம் அவ்வளவாகப் பேசாத ஒரு பகுதியும் உண்டு. அடுத்தவரின் பிராணி துன்பப்படுவதைக் கண்டவருக்கு என்ன கடமை என்பதே அது.

அபூதாவூதில் வரும் ஒரு செய்தி. அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் நபியவர்கள் நுழைந்தபோது, அங்கே நின்ற ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டது. நபியவர்கள் அதைத் தடவி ஆறுதல்படுத்தினார்கள். பிறகு அதன் சொந்தக்காரர் யாரென்று விசாரித்து அழைத்து, பட்டினி போட்டு அளவுமீறி வேலை வாங்குவதாக அது தன்னிடம் முறையிட்டதை அவரிடம் சொன்னார்கள். ‘உங்கள் ஒட்டகம், உங்கள் பாடு’ என்று விட்டுவிட்டுப் போகவில்லை. முதுகோடு வயிறு ஒட்டிப்போன இன்னொரு ஒட்டகத்தைக் கண்டபோது, பேசத் தெரியாத இந்தப் பிராணிகள் விசயத்தில் அல்லாஹ்வைப் பயந்துகொள்ளும்படி எச்சரித்தார்கள். தமிழில் நாம் ‘வாயில்லா ஜீவன்’ என்று சொல்வதும் அதே பொருளில்தான். வாய் இல்லாததற்காகக் கண்டவர் பேச வேண்டும்.

இதை அறிஞர்கள் தனிமனித இரக்கத்தோடு நிறுத்தவில்லை. ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தி, ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்ற ஆட்சிச் சட்ட நூலில் முஹ்தஸிப் எனப்படும் சந்தை மேற்பார்வையாளரின் வேலைகளைச் சொல்லும்போது, பிராணியைத் தாங்க முடியாத வேலைக்குப் பயன்படுத்தும் சொந்தக்காரரைத் தடுப்பதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்க்கிறார். அதாவது அது அரசின் பொறுப்பு. ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம், மனிதன் மீது பிராணிக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, முதுமையாலோ நோயாலோ பயன்படாமல் போன பிராணிக்கும் தீனி கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்கிறார். இங்கிலாந்தில் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான முதற் சட்டம் வந்தது 1822-இல். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு கையில் இருந்தும் ஜன்னலைச் சாத்தினோமே என்ற வெட்கத்தில் சொல்கிறேன்.

நாம் ஏன் வாயை மூடுகிறோம்?

நமக்கு ஒரு பயம் இருக்கிறது. அது காரணமில்லாத பயமல்ல. 2013-இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராக நடந்தவை நமக்கு மறக்கவில்லை. அதே வருட வெசாக் நாளில் மாடறுப்பை எதிர்த்துக் கண்டியில் ஒரு பிக்கு தீக்குளித்ததும் மறக்கவில்லை. மிருக வதை என்ற பேச்சு வந்தாலே ‘இது நமக்கு எறியிற கல்’ என்று பழகிப் போனோம். அதனால் நம்மவர் ஒருவர் மாட்டை வதைத்தாலும், வெளியே தெரிந்தால் சமூகத்துக்குக் கெட்ட பெயர் என்று மூடி மறைக்கிறோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள், பிராணிக்கு ஆறுதல் கொடு என்பது நபிவழி. ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண் முன்னாலேயே கத்தி தீட்டிய ஒருவரை அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். இந்த ஒழுங்கை மீறுகிறவர் நமது மார்க்கத்தைத்தான் மீறுகிறார். அவரை நாம் திருத்தாமல் விட்டால், திருத்துவதற்கு வேறு யாரோ வருவார்கள். அவர்களுடைய நோக்கம் மாட்டின் நலனாக இருக்கும் என்று நிச்சயமில்லை.

‘முறைப்பாடு செய்வது புறம் பேசுவதாகாதா?’ என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். இமாம் நவவி ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் புறம் பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களைச் சொல்கிறார். அநியாயத்தை அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவதும், தீமையைத் தடுக்க உதவி தேடுவதும் அவற்றுள் அடங்கும்.

நாய் விசயத்தில் இன்னொரு குழப்பம். ஷாபிஈ மத்ஹபில் நாய் நஜீஸ் என்பது சுத்தம் பற்றிய சட்டம்; கல் எறிவதற்கான அனுமதிப்பத்திரம் அல்ல. தாகித்த நாயின் செய்தியை அறிவித்த அதே மார்க்கம்தான் அதன் வாய் பட்ட பாத்திரத்தை எப்படிக் கழுவுவது என்றும் சொன்னது.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 1907-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். கொடூரமாக அடிப்பது, அளவுமீறி வேலை வாங்குவது, தேவையில்லாத வேதனை உண்டாகும் விதத்தில் ஏற்றிச் செல்வது ஆகியவை அதன்படி குற்றம். வீட்டுப் பிராணிகளும் பிடித்து அடைத்து வைத்த பிராணிகளும், கூட்டில் உள்ள பறவைகள் உட்பட, அதற்குள் வரும். தண்டனை 100 ரூபா வரையான தண்டம், அல்லது மூன்று மாதம் வரையான சிறை, அல்லது இரண்டும். அன்றைய 100 ரூபா பெரிய காசு. இன்று ஒரு பிளேன்டிக்கும் வடைக்கும் போய்விடும். 2006-இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. அதற்குப் பிறகும் நீண்ட காலம் அந்தப் பழைய சட்டத்தோடுதான் நாடு இருந்தது.

இது தவிர, 1958-ஆம் ஆண்டின் 29-ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளைக் கொண்டுசெல்வதையும் அறுப்பதையும் ஒழுங்குபடுத்துகிறது, அனுமதிப்பத்திரம் வேண்டும். இறைச்சிக் கடையும் மடுவமும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியோடு நடக்க வேண்டியவை. யானை, மான் போன்ற காட்டு விலங்குகளுக்கு 1937-இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வயலுக்கு வரும் யானைக்குத் தீனிக்குள் வெடி வைப்பது அந்தச் சட்டத்தின் கீழ்ப் பெரிய குற்றம். அந்த வெடியில் வாய் சிதறிய யானை தின்ன ஏலாமல் நாட்கணக்கில் பசியில் கிடந்து சாகும்.

முறைப்பாடு செய்வது எப்படி?

சென்ற வருடம் ஒரு தேநீர்க் கடை வாசலில் படுத்திருந்த நாய்க்குச் சுடுதண்ணீர் ஊற்றினார்கள். முதுகுத் தோல் உரிந்து போயிற்று. நானும் கணவரும் பொலிஸுக்குப் போனோம். “நாய்க்கெல்லாம் என்ட்ரி போடவா?” என்று அங்கிருந்தவர் சிரித்தார். 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார். கடைக்காரரை அழைத்து எச்சரித்தார்கள். வழக்கு வரை போகவில்லை. ‘நாய்க்காக நம்மட ஆளைப் பொலிஸ்ல குடுத்த டீச்சர்’ என்ற பெயர் எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது. ஆனால் அந்தக் கடை வாசலில் அதற்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. அந்த அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில், பேசித் தீர்க்கக்கூடியதைப் பேசித் தீருங்கள். பல இடங்களில் நடப்பது கவனயீனம்தான். சொந்தக்காரரிடமோ வீட்டாரிடமோ தனியாக, மரியாதையாகச் சொன்னால் போதும். அதற்குப் பணியாவிட்டால் இமாமையோ நிருவாக சபையில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போகலாம்.

வேண்டுமென்று செய்யும் கொடுமை, அல்லது உயிருக்கு ஆபத்து என்றால் தாமதிக்க வேண்டாம். திகதி, நேரம், இடம், வாகனமாயின் இலக்கம், பிராணியின் நிலை ஆகியவற்றை உடனே எழுதிக்கொள்ளுங்கள். படமோ வீடியோவோ எடுக்க முடிந்தால் எடுங்கள். பார்த்த இன்னொருவர் சாட்சியாக இருந்தால் நல்லது.

அவசரம் என்றால் 119. இல்லாவிட்டால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் எழுத்து முறைப்பாடு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பி வர வேண்டாம். காயம் இருந்தால் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தும் கிடைக்கும், அவர் எழுதும் குறிப்பு சாட்சியாகவும் பயன்படும். மடுவம், இறைச்சிக் கடை பற்றிய விசயமென்றால் பிரதேச சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். காட்டு விலங்கென்றால் வனசீவராசிகள் திணைக்களம்; அவசர இலக்கம் 1992.

செய்யக்கூடாதவையும் இருக்கின்றன. வீடியோவை ஊரெல்லாம் பரப்புவது முறைப்பாடு அல்ல. அது மாட்டுக்கு ஒரு மிடறு தண்ணீரும் கொடுக்காது, வேறு யாருக்கோ நெருப்புக் கொடுக்கும். லொறியை மறித்து அடிதடியில் இறங்குவதும் கூடாது. பிறர் அப்படிச் செய்தபோது நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். காணாததைக் கண்டதாகச் சொல்வது பொய்ச்சாட்சி. பழைய பகையைத் தீர்க்க மாட்டைக் காரணமாக்குவது மாட்டுக்கும் அநியாயம்.

தமிழில் மனுநீதிச் சோழன் கதையை எல்லோரும் படித்திருப்போம். கன்றை இழந்த பசு தானே வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. நம் காலத்தில் மாட்டுக்கு எட்டுகிற உயரத்தில் யாரும் மணி கட்டி வைக்கவில்லை. கண்டவர்தான் போய் அடிக்க வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் வரும்போது உங்கள் வீட்டுப் பின்வளவையும் அடுத்த வளவையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மூன்று விசயம் போதும்: நிழல் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, படுத்தெழும்ப கயிறு நீளம் காணுமா? இல்லையென்றால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான் மூன்று நாள் பிந்தித்தான் தட்டினேன். அந்த மூன்று நாள் தாகத்துக்கு என்னிடமும் கணக்குக் கேட்கப்படும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.