தூரிகைக்கும் துணை வேண்டும்

தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பாட்டுக்கும் பரதத்துக்கும் என்றும் குறை இருந்ததில்லை. சாமான்களைப் பிரித்து அடுக்கும் முன்பே, "பக்கத்தில் பாட்டு டீச்சர் யார் இருக்கிறார்கள்?" என்று விசாரித்துவிடுகிறோம். பாடும் குழந்தைக்கு நவராத்திரி உண்டு, திருப்பாவைப் போட்டி உண்டு, கேட்கவும் திருத்தவும் பத்துப் பேர் உண்டு. படம் வரையும் குழந்தையின் கதை வேறு. கலர்ப் பெட்டி வாங்கித் தருகிறோம். வரைந்ததை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறோம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் கலர்ப் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது.

முப்பது ஆண்டுகள் தில்லி அச்சகங்களில் லே-அவுட் ஆர்ட்டிஸ்டாக இருந்தவன் நான். சங்க விழாக்களில் என்னைப் பார்க்கும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், என் பெண் நன்றாக வரைகிறாள். எந்த வகுப்பில் சேர்க்கலாம்?" வகுப்பு பிறகு இருக்கட்டும், முதலில் அவளுக்குக் கூட்டாளிகளைத் தேடுங்கள் என்பதே என் பதில்.

இதற்கு இந்த ஊரிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. லாகூரில் ஓவியப் பள்ளி நடத்திய பி.சி. சன்யால், 1947 பிரிவினையில் அகதியாகத் தில்லி வந்தார். கோல் மார்க்கெட்டில் அவர் இருந்த இடமே ஓவியர்கள் கூடும் இடமாயிற்று. சன்யால், கன்வல் கிருஷ்ணா, தன்ராஜ் பகத், கே.எஸ். குல்கர்னி, பி.என். மாகோ முதலியோர் சேர்ந்து 1949-ல் 'தில்லி சில்பி சக்ரா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊரை இழந்து வந்தவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க ஓர் இடம் ஏற்படுத்திக்கொண்டதுதான். வேலை தேடி வந்த நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

இன்று அந்த இடங்களுக்குப் பஞ்சமில்லை. மண்டி ஹவுஸ் மெட்ரோவில் இறங்கினால் தான்சேன் மார்க்கில் திரிவேணி கலா சங்கம். நடனக் கலைஞர் சுந்தரி ஸ்ரீதராணி 1950-ல் கன்னாட் பிளேஸில் ஒரு காபி ஹவுஸின் மாடியில் தொடங்கியது. குல்கர்னியிடம் ஓவியம் கற்க வந்த மாணவர்கள் அப்போது இரண்டே பேர்! பக்கத்திலேயே ரவீந்திர பவனில் லலித் கலா அகாதமி. அதே அகாதமி 1976-ல் கர்ஹியில் கலைஞர்களுக்கான ஸ்டூடியோக்களை அமைத்தது. உலோகத் தகட்டில் கீறி அச்செடுக்க அமிலமும் கனமான பிரஸ்ஸும் வேண்டும். மண் சிற்பத்துக்குச் சூளை வேண்டும். இரண்டு ரூம் பிளாட்டில் இவை நடக்குமா? பலர் சேர்ந்து ஒரு பிரஸ்ஸைப் பகிர்ந்துகொள்ள அங்கே வழி செய்தார்கள்.

கூட்டாளி என்ன செய்வார் என்று கேட்கலாம். என் தங்கை பெண்ணின் விஷயத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு ரயில்வே உத்தியோகம். நாக்பூர், புவனேஸ்வர், ஜான்சி, பிறகு தில்லி. நாலு ஊர், நாலு பள்ளிக்கூடம். பெண்ணுக்கு மாறாத சிநேகிதம் ஸ்கெட்ச் நோட்டு மட்டும்தான். பதினோராம் வகுப்பில் அதையும் மூடி வைக்கச் சொன்னாள் தங்கை. "இதுக்கு யாரு மார்க் போடப் போறாங்கண்ணா?" என்றாள்.

ஒரு சனிக்கிழமை பெண்ணைத் திரிவேணிக்கு அழைத்துப் போனேன். கண்காட்சி பார்க்க வந்திருந்த ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்தி இவள் நோட்டை வாங்கிப் புரட்டினாள். "முகம் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஏன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். ஆறு வருஷமாக நோட்டைப் பாராட்டிய எங்களில் யார் கண்ணிலும் அது பட்டதில்லை. அடுத்த இரண்டு மாதம் வீட்டில் கைகளாகவே வரைந்தாள்: பாட்டி பூத்தொடுக்கும் கை, அம்மா தோசை திருப்பும் கை, அப்பா ஷூ லேஸ் கட்டும் கை. அந்தக் கடைசிப் படத்தை மாப்பிள்ளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை மூடச் சொல்லும் பேச்சு அதோடு நின்றது. இந்த வருஷம் டிசைன் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள். இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வரைவதை விடமாட்டாள்.

டிசைன் படிப்பு சோறு போடுமா என்று கவலைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. 2010-ல் மத்திய அரசு ஏற்ற ரூபாய்ச் சின்னத்தை வடிவமைத்தவர் தமிழர் உதயகுமார். கட்டடக்கலை படித்துவிட்டு, மும்பை ஐ.ஐ.டி.யின் டிசைன் பிரிவில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். 1961-ல் அகமதாபாத்தில் தோன்றிய என்.ஐ.டி., 1986-ல் தில்லியில் தோன்றிய நிஃப்ட் ஆகியவையும் இதற்கான பெரிய கல்விக்கூடங்களே. இவற்றின் தேர்வுகளில் கைத்திறன் மட்டும் போதாது. கூர்ந்து பார்க்கிறோமா, யோசிக்கிறோமா என்றும் சோதிப்பார்கள். அந்தப் பார்வை நாலு பேரோடு பழகினால் வளரும்.

சின்னக் குழந்தைகளுக்கு 1956-ல் தொடங்கிய தேசிய பால பவன் இருக்கிறது. கைவினை அருங்காட்சியகத்தில் நெசவையும் மண்பாண்டத்தையும் அருகில் நின்று பார்க்கலாம். ஜெய்ப்பூர் ஹவுஸ் நவீன ஓவியக் காட்சியகத்துக்குத் திங்கள் தவிர மற்ற நாட்களில் போகலாம். அம்ரிதா ஷெர்கில் தென்னிந்தியப் பயணத்துக்குப் பின் 1937-ல் தீட்டிய 'பிரம்மச்சாரிகள்' அதன் சேகரிப்பைச் சேர்ந்தது. காகிதத்துக்குச் சாவ்ரி பஜார். பழைய ஓவியப் புத்தகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை. 2019-ல் அது தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட்டுக்கு மாறியது. மெட்ரோ டிக்கெட்டும் ஒரு அரை நாளும்தான் பெரும்பாலும் செலவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கூடம் பல ஞாயிறுகளில் காலியாகத்தான் கிடக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு காலை, வரைகிற பிள்ளைகள் அவரவர் நோட்டோடு வரட்டும். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், சிறப்பு விருந்தினரும் வேண்டாம். ஒருவர் நோட்டை மற்றவர் பார்த்துப் பேசினால் போதும். பாயும் காபியும் சங்கம் ஏற்கட்டும். பென்சில் சீவ நான் வருகிறேன்.