ஒரு 'ப்' செய்யும் வேலை

மணவாள நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பத்தாவது படிக்கும் அவர் மகள் 'பிளாக்போர்டு' என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு அசையாகப் பிரித்தாளாம். இரண்டுதான் என்று சொல்லி ஆசிரியை தப்புப் போட்டுவிட்டார். "நான் சொல்லிப் பார்த்தாலும் நான்குதானே வருகிறது?" என்று கேட்கிறார்.

மகள் காதில் கோளாறு இல்லை. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது. வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால் நம் நாக்கு முன்னால் ஓர் இகரத்தையும் கடைசியில் ஓர் உகரத்தையும் தானாகச் சேர்த்துக்கொள்கிறது: பி-ளாக்-போர்-டு. ஆங்கிலேயர் வாயில் 'பிளாக்' ஓர் அசை, 'போர்ட்' ஓர் அசை.

கூட்டுச்சொல்லை முதலில் ஒட்டிய இடத்தில் பிரிக்க வேண்டும். காக்களூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் 'ஓவர்டைம்', ஓவர், டைம் என்று பிரியும். பிறகு 'ஓவர்' இரண்டாகும். ஆக மூன்று அசை.

என்னைக் கட்டிப்போட்டது அடுத்த கட்டமான அழுத்தம்தான். 'இங்கிலீஷ் டீச்சர்' என்பதில் முதல் சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிப்பவர். இரண்டாவதை அழுத்தினால் இங்கிலாந்துக்காரரான ஆசிரியர். 'கிரீன்ஹவுஸ்' என்பதில் 'கிரீன்' ஓங்கினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம்; 'ஹவுஸ்' ஓங்கினால் பச்சை வண்ணம் அடித்த வீடு.

தமிழில் இந்த வேலையை ஒற்று செய்கிறது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. என் பாட்டி பூக்கட்டும்போது ஒவ்வொரு ஜோடிப் பூவுக்கும் நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார். அந்த இறுக்கம் இல்லாவிட்டால் சரம் இல்லை, உதிரிப்பூதான். ஆங்கிலத்தில் அழுத்தம் நார். தமிழில் அந்த 'ப்'.

அகராதியில், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியிலிருந்து நூறாண்டுக்கு மேலாக அந்தக் கோடு நமக்கு வழிகாட்டுகிறது. நாமோ பொருளை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறோம். நம் கடைப் பலகைகளில் 'மருந்து கடை' என்றெழுதி ஒற்றையும் உதிர்த்துவிட்டோம். இரண்டையும் கைவிட்டால் பிள்ளைகளின் காது எதைப் பிடித்துக்கொண்டு பழகும்?

அம்மா, இன்றிரவு மகளைத் 'தந்த பலகை', 'தந்தப் பலகை' இரண்டையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். அந்த வேறுபாடு கேட்கிற காதுக்கு ஆங்கில அழுத்தமும் பிடிபடும்.