கார்புரேட்டர் வழிகிறதா?

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் வாய்க்கால் நீரிறைக்க, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய இஞ்சின் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். கார்புரேட்டர் வழிந்தால் எண்ணெய் வீணாவதோடு போவதில்லை. சிலிண்டர் வழியே கீழிறங்கும் மண்ணெண்ணெய் இஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும், பேரிங் தேயும்.

எண்ணெய்க் குழாயை மூடி, இஞ்சின் ஆறியபின் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றுங்கள். (அருகில் பீடி கூடாது.) மிதவையைக் காதருகே குலுக்கினால் சளசளக்கிறதா? அப்படியானால் ஓட்டை, மூழ்கிய மிதவையால் ஊசி வால்வை மூட முடியாது. பித்தளை மிதவைக்கு ஈயம் வைக்குமுன் உள்ளிருக்கும் எண்ணெயை முழுதும் வெளியேற்றாவிடில் சூட்டில் வெடிக்கும். ஈயம் அதிகமானாலும் மிதவை கனத்து மீண்டும் வழியும். மிதவை நன்றாயிருந்தால் ஊசி முனையைப் பாருங்கள். தூசியைக் கழுவலாம், தேய்ந்த ஊசியை உப்புத்தாளால் தேய்க்காமல் மாற்றிவிடுங்கள்.

ஆயில் மட்டம் உயர்ந்து, மண்ணெண்ணெய் வாடை வீசினால், அதை வடித்துப் புது ஆயில் ஊற்றிய பிறகே இஞ்சினைக் கிளப்ப வேண்டும்.