வழக்கமாக எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள்?

நெய்வேலியில் ஒரு சுரங்கத் தொழிலாளியிடம் இப்படிக் கேட்டால், “எந்த ஷிப்ட்ல?” என்றுதான் திருப்பிக் கேட்பார். உறக்க ஆய்வுகளில் உலகெங்கும் புழங்கும் பிட்ஸ்பர்க் உறக்கத் தரக் குறியீட்டின் முதல் கேள்வியே இதுதான்: கடந்த மாதத்தில் வழக்கமாக இரவு எத்தனை மணிக்குப் படுக்கப் போனீர்கள்? 1989-இல் வெளியான அந்தப் படிவம், ஷிப்ட் மாறி மாறி வேலைக்குப் போகிறவரிடம் முதல் வரியிலேயே திணறுகிறது.

இப்படிப் படிவங்களை எடைபோடுவதும் உளவியல் படிப்பின் வேலைதான்; ஆனால் உளவியல் எம்.எஸ்சி. என்றாலே கவுன்சலிங் என்று நினைப்பவர்கள் நெய்வேலி டவுன்ஷிப்பிலும் உண்டு. ஆய்வை மையமாகக் கொண்ட முதுகலையில் புள்ளியியலும் ஆய்வு முறையியலும்தான் பாதி உயிரை வாங்கும். எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நிறுத்திவிட்டதால், பிஎச்.டி.க்கு முன் ஆய்வு பழக முதுகலை ஆய்வேடுதான் பெரும்பாலும் மிச்சம். நெய்வேலியில் அதற்குத் தலைப்புத் தேடி அலையவே வேண்டாம். 1956-இல் இங்கு தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கமும் அனல் மின் நிலையங்களும் இரவில் ஓய்வதில்லை. பக்கத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதன் உளவியல் துறையும் இருக்கின்றன.

சிக்கல் தரவு திரட்டும்போதுதான் வரும். நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர் ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றல் வாங்கிப் போயிருக்கலாம். எஞ்சியவர்களை மட்டும் அளந்துவிட்டு, நைட் ஷிப்டால் பாதிப்பே இல்லை என்று எழுதினால் அது ஆய்வாகாது. மேற்பார்வையாளர் கையால் படிவம் கொடுத்தாலோ, வேலை நிரந்தரமில்லாத காண்ட்ராக்ட் தொழிலாளி எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் டிக் அடிப்பார். தன்விருப்பமான ஒப்புதலும் ரகசியக் காப்பும் கட்டாயம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்வது இதனால்தான். நிர்வாகத்தின் அனுமதி வேறு, தொழிலாளியின் சம்மதம் வேறு. (நைட் முடித்து வந்தவர் வீட்டுக் கதவைக் காலை பத்து மணிக்குத் தட்டாமல் இருப்பதும் ஆய்வு நெறிதான்!)

என்னைக் கேட்டால், முந்நூறு பேரிடம் அவசரமாகப் படிவம் நிரப்பி வாங்குவதைவிட, முப்பது பேரை இரண்டு வாரம் உறக்க நாட்குறிப்பு எழுதவைப்பது மேல். எண்ணிக்கை குறையும், ஆனால் எந்த ஷிப்டில் ஒருவர் எவ்வளவு தூங்கினார் என்பது தெரியவரும்.

இந்த முதுகலையில் சேர நினைப்பவர்கள், ஆய்வேட்டுக்கு எத்தனை மாதம் ஒதுக்குகிறார்கள், நெறிமுறைக் குழு இருக்கிறதா என்று துறையில் முதலில் விசாரியுங்கள். மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக வேண்டும் என்பது கனவானால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு தேவை. இந்த முதுகலை மட்டும் அதற்குப் போதாது.