சத்திரசிகிச்சைக்குப் பின்னும் ஒரு மாத்திரை

விஞ்ஞான மேதை ஐன்ஸ்டைன் எந்த நோயினால் மறைந்தார் என்று கேட்டால், நம்மிற் பலர் விடை கூறத் தயங்குவர். 1948 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நியூயோர்க்கில் ருடோல்ப் நிஸன் என்னும் நிபுணர் அவரது வயிற்றைத் திறந்தபோது, பெருநாடியில் பெரியதொரு வீக்கம் காணப்பட்டது. அதனை அகற்றும் வழி அந்நாளில் இல்லை. செலோபேன் தாளைச் சுற்றி மூடிவிட்டார்! ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஐன்ஸ்டைன், 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது மீண்டும் கத்திக்கு உடன்பட மறுத்து, 18 ஆம் திகதி கண்மூடினார்.

இருதயத்திலிருந்து குருதியைச் சுமந்துவரும் பெருநாடி, வயிற்றினுள் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலமுடையது. அதன் சுவர் நலிந்தால், பழைய டயர்க்குழாய் போல் ஓரிடத்திற் புடைக்கும். முதிய ஆடவரை, அதிலும் புகைப்போரை, இது பெரிதும் நாடும். ஆடவரிடத்து 5.5 சென்ரிமீற்றரை எட்டினால் சத்திரசிகிச்சை பற்றி ஆலோசிப்பர். இன்று நெய்த குழாயை வைத்துத் தைக்கலாம். 1990 இல் பரோடி காட்டிய வழியில் தொடையடி நாளத்தினூடாகவும் செலுத்தலாம்.

அத்துடன் ஆபத்து நீங்கிற்றா? இல்லை. பெருநாடியைக் கெடுத்த கொழுப்புப் படிவு இருதயத்தினதும் மூளையினதும் நாளங்களிலும் இருக்கக்கூடும். குழாய் பிழைத்தும் மாரடைப்பால் மனிதர் மாய்வதுண்டு. இங்கேதான் ஸ்டாட்டின் மாத்திரை துணைநிற்கிறது. யப்பானியராகிய அக்கிரா எண்டோ 1970களில் பூஞ்சணத்திலிருந்து கண்டறிந்த இம்மருந்தினம், ஈரல் கொலஸ்திரோல் ஆக்குவதைக் குறைக்கிறது. சத்திரசிகிச்சை பெற்றோரை ஆண்டுக்கணக்கிற் கவனித்த ஆய்வுகளில், இதை உட்கொண்டோரே கூடுதலாக உயிர்வாழ்ந்தனர். மருந்தை ஒழுங்காக உண்பவர் பிறவற்றிலும் கவனமாயிருப்பர் என்பதையும் எண்ணவேண்டும். ஆயினும், நாளநோயாளர் உட்பட 20,000க்கு மேற்பட்டோரிடம் பிரித்தானியாவில் நடந்து 2002 இல் வெளிவந்த ஒப்பீட்டுச் சோதனை, இம்மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைப்பதை ஐயமற நிறுவியது.

நமது மலைநாட்டில் இடர் வேறிடத்தில் உள்ளது. கண்டிக்கோ கொழும்புக்கோ சென்று கத்திவைத்துத் திரும்பியவர், இரண்டு மாதத்தில் நலமாக நடமாடுவார். கொலஸ்திரோலோ வலிப்பதில்லை. பொகவந்தலாவையின் மேற்கணக்கிலிருந்து கிளினிக்குக்கு இறங்கினால் ஒருநாட் சம்பளம் போகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமேயானாலும், அந்த ஒருநாளை யார் கொடுப்பார்? “சுகமாய்த்தானே இருக்கிறேன்” என்று நின்றுவிடுகிறார். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று: இம்மருந்து சிலருக்குத் தசைநோவு தரும். மலைச்சரிவில் கொழுந்துக்கூடை சுமப்பவரும் கவ்வாத்து வெட்டுபவரும் அதனை வேலைக் களைப்பென்றே கருதுவர். வழமைக்கு மாறாக இரு தொடைகளும் நோவெடுத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ தாமதியாது வைத்தியரிடம் கூறல் வேண்டும். அளவைக் குறைக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ அவரால் முடியும்.

சுருட்டையும் பீடியையும் விடாதவருக்கு மாத்திரை மட்டும் போதாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில், மாத்திரையின் பெயரையும் அளவையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி வீட்டார் கேட்டு வாங்குவார்களாக. தோட்டத்து மருந்தகத்திலும் அந்தக் கொப்பியைக் காட்டலாம்.