கிழமைக் கட்டுக்காசும் மாரி வெள்ளாமையும்

2018இல் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர ஒரு கடன் நிவாரணத்தை அறிவித்தார். வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில், ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் கிடந்தவை தள்ளுபடி. நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. பட்டியலில் மட்டக்களப்பும் இருந்தது. இல்லாதிருந்தால்தான் வியப்பு. போர் முடிந்த பிறகு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை என்ற பேதமில்லாமல் லோன்காரர்களின் மோட்டார் சைக்கிள் ஊர் ஊராக ஏறி இறங்கியிருக்கிறது.

அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போனதைச் சுட்டிக்காட்டினார். ஆகவே உச்சவரம்பு தேவைதான். ஆனால் அரசு வட்டியையும் முதலையும் மட்டுமே பார்த்தது. கடன் எப்படிக் கட்டப்படுகிறது, யார் முன்னால் கட்டப்படுகிறது, எந்த மாதத்தில் கட்டப்படுகிறது என்பவை அப்படியே கிடந்தன.

இந்த மூன்றும் நடத்தைப் பொருளியல் பேசுகிற விடயங்கள். மனிதர் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்து முடிவெடுப்பதில்லை. கண்முன் நிற்கும் தொகை, அயலாரின் பார்வை, இன்றைய நெருக்கடி ஆகியவை முடிவை இழுத்துக்கொண்டு போகும் என்பது அதன் அடிப்படை. 2010இல் பிரித்தானிய அரசு இதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. 2017இல் இதே துறைக்காக ரிச்சர்ட் தேலருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் இந்த அறிவு அரசுக் கந்தோருக்கு வருமுன்பே கடன் கம்பனிகளின் கையில் இருந்துவிட்டது என்பதுதான் என் வாதம்.

முதலாவது, கட்டும் விதம். ஒரு கணக்குப் போடுவோம். 50,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 24 சதவீத நிலையான வட்டி, 52 கிழமை. மொத்தம் 62,000, கிழமைக்கு 1,192 ரூபாய். “கிழமைக்கு ஆயிரத்து இருநூறுதானே” என்று மனம் சமாதானமாகிவிடும். ஆனால் முதல் ஒவ்வொரு கிழமையும் கரைகிறது. ஆண்டு முழுவதும் சராசரியாகக் கையில் இருப்பது 25,000 சொச்சந்தான். அதற்கு 12,000 வட்டி என்றால் உண்மை வீதம் 40ஐத் தாண்டுகிறது. 24 என்று சொல்லப்படும் கடன் 35ஐ மீறியது என்று கடன் அட்டையைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு, 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் வைப்பு வாங்கும் நிறுவனங்களை முன்வைத்தே எழுதப்பட்டது; வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்பவர் அதன் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

அடுத்தது குழுப் பிணை. பங்களாதேஷின் கிராமீன் வங்கியால் உலகம் அறிந்த முறை இது: ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. சாட்சியும் சொத்தும் இல்லாத பெண்களுக்கு இதனால்தான் கடன் கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டம் நடக்கும் வீட்டு விறாந்தையில், வந்த உத்தியோகத்தர் வாயே திறக்கத் தேவையில்லை. “இண்டைக்கும் உனக்குச் சேர்த்து நாங்களா புள்ள கட்டுற?” என்று அயல்வீட்டுக்காரியே கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டாவது கம்பனியில் கடன் எடுத்து முதலாவதுக்குக் கட்டுகிறார்கள். கம்பனியின் ஏட்டில் அது ஒழுங்கான தவணை. வெட்கத்தை ஈடாக வாங்கிக்கொள்வது அவ்வளவு அவசியமுமில்லை. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி குழுப் பிணையைத் தனிப்பொறுப்பாக மாற்றியபோது கடன் திரும்புவது குறையவில்லை என்று சேவியர் ஜினேயும் டீன் கார்லனும் கண்டார்கள். கிராமீன் வங்கியே பிற்பாடு கூட்டுப் பொறுப்பைக் கைவிட்டது.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது மூன்றாவது, காலம். படுவான்கரையில் வெள்ளாமைக் காசு கிழமைக்குக் கிழமை வருவதில்லை. மாரிப் போகம் வெட்டி முடிந்த பிறகு மொத்தமாக வரும். வாவித் தொழிலும் மழையைப் பார்த்து, முகத்துவாரம் திறப்பதைப் பார்த்து ஏறி இறங்கும். கட்டுக்காசுக்கோ எல்லாக் கிழமையும் ஒன்று.

கொல்கத்தாவில் எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே குழுவினர் இதைச் சோதித்தார்கள். மாதத் தவணைக்காரர், கிழமைத் தவணைக்காரரைவிடக் கடனை எண்ணிப் பதறியது ஏறக்குறைய பாதிதான். இன்னொரு சோதனையில், முதல் தவணையை இரண்டு கிழமைக்குப் பதில் இரண்டு மாதம் தள்ளிவைத்தபோது தொழிலில் முதலீடு கூடியது, மூன்று ஆண்டு கழித்து இலாபமும் கூடியிருந்தது. கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பனிகள் இறுக்கிப் பிடிப்பதற்கு நியாயமே இல்லை என்பதில்லை.

பதற்றம் அறிவையும் தின்னும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. அதே ஆட்கள் அறுவடைக்கு முன், காசு முடையில், சிந்தனைச் சோதனைகளில் குறைவாகவே செய்தார்கள். புள்ளிவிவர முறையில் சிலர் குறை கண்டதும் உண்டு. ஆனாலும், கடன் பத்திரத்தில் ஒப்பமிடச் சொல்வது பெரும்பாலும் அந்த முடைக் காலத்தில்தான் என்பதை நினைத்தால், “யோசித்து எடுத்திருக்கலாமே” என்று பெண்களுக்குப் புத்தி சொல்பவர்கள் கொஞ்சம் அடங்கிப் பேசலாம்.

என்ன செய்யலாம்? கடன் அட்டையில் கிழமைத் தொகைக்குப் பக்கத்திலேயே மொத்த வட்டியை ரூபாயில், பெரிய எழுத்தில், தமிழில் போடச் சொல்வது செலவில்லாத வேலை. தவணையை மாற்றுவதற்குச் செலவு உண்டு. கம்பனிகள் தாமாகச் செய்யமாட்டா. சமுர்த்தி வங்கி, சனச, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் தொடங்கலாம். உன்னிச்சை போன்ற குளங்களின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. தண்ணீர் திறக்கும் நாள், விதைப்புக்குக் கடைசி நாள் எல்லாம் அதிகாரிகளும் விவசாயிகளும் சேர்ந்து அங்கே முடிவாகிறது. அதே நிகழ்ச்சி நிரலில் கடனின் முதல் தவணை எந்த மாதம் என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்க, புதிய சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.